கிளட்ச் அக்கா எடுத்த முடிவு

அந்த டிரைவிங் ஸ்கூலில் ஐந்து பேர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். நான்கு பேருக்குத் திட்டத் தெரியும். ஐந்தாவது ஆளுக்கு எப்போது திட்டக்கூடாது என்பதும் தெரியும். அவள்தான் கிளட்ச் அக்கா.

முதல் நாள் வருகிறவர்களை அவள் ஸ்டியரிங்கைத் தொடவே விடமாட்டாள். "செருப்பைக் கழட்டுங்க, கண்ணை மூடுங்க" என்பாள். எஞ்சின் ஓடும், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கும். மிதித்த கிளட்சை ஒரு நூல், இன்னும் ஒரு நூல் என்று விட்டுக்கொண்டே வரச் சொல்வாள். வண்டி லேசாகச் சிலிர்க்கிற இடம் ஒன்று உண்டு. அது உள்ளங்காலுக்குத் தெரிகிறவரை பாடமும் நகராது, வண்டியும் நகராது. காசைக் கட்டிவிட்டு ஒரு அடிகூடப் போகாமல் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் முதலாளியிடம் போய்ப் புலம்புவார்கள். அடுத்த வாரம் அவர்களே தெருவெல்லாம், "கத்துக்கிட்டா எங்க கிளட்ச் அக்காகிட்டதான் கத்துக்கணும்" என்று தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிவார்கள்.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. அதில் பதினான்கு வருடம் பக்கத்து இருக்கையிலேயே கழிந்திருந்தது. பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் இவள் மிதித்துவிடுவாள். மிதித்து மிதித்து அவளுடைய வலது கால் செருப்பு இடது கால் செருப்பைவிட இரண்டு மாதம் முன்னதாகவே தேய்ந்துபோகும். வீட்டிலும் அந்தக் காலுக்கு ஓய்வு கிடையாது. தொலைக்காட்சி நாடகத்தில் எவனாவது வேகமாக வண்டி ஓட்டிவந்தால் சோபாவில் உட்கார்ந்திருக்கிற இவள் தரையை அழுத்துவாள். "அவன் நிறுத்த மாட்டான், விடு. இன்னும் முப்பது எபிசோட் இருக்கு" என்பார் கணவர்.

அவளைப் பற்றிச் சொல்வதென்றால் வெந்நீர்ப் பையைச் சொல்லாமல் தீராது. சிவப்பு ரப்பர் பை, துண்டு சுற்றியிருக்கும். அதை அடிவயிற்றில் வைத்து அதன்மேல் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொள்வாள். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அந்த மேட்டைப் பார்த்துவிட்டு, "எத்தனை மாசம் அக்கா?" என்று ஆசையாகக் கேட்டாள். "இப்பதாம்மா நிரப்பினேன்" என்று சொல்லிவிட்டு, "கண்ணாடியைப் பாரு, இண்டிகேட்டரைப் போடு" என்று பாடத்துக்குப் போய்விட்டாள் அக்கா. அந்தப் பெண் அன்றைக்கு முழுக்க இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு வலது பக்கம் திரும்பினாள்.

வலி பதினான்கு வயதில் தொடங்கியது. மாதவிடாய் வந்தால் மூன்று நாள் சுருண்டு படுத்துவிடுவாள். "பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும், கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றாள் அம்மா. கல்யாணம் ஆனது. வலி நாலு நாளானது. "ஒரு பிள்ளை பிறந்தா எல்லாம் சரியாயிடும்" என்றாள் அம்மா. பிள்ளையைப் பிறக்க விடாமல் வைத்திருந்ததே அந்த வலிக்குப் பின்னால் இருந்த நோய்தான். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்கிற கதையாக அவளுடைய இருபதுகள் போய்விட்டன.

முப்பத்தொன்றாம் வயதில்தான் ஒரு டாக்டரம்மா அதற்குப் பெயர் சொன்னார். எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்குள்ளே இருக்க வேண்டிய படலத்தைப் போன்ற ஒன்று வெளியே வளர்ந்து, சினைப்பையிலும் குடலிலும் போய் ஒட்டிக்கொண்டு, மாதாமாதம் அங்கேயும் வீங்கிக் கசிந்து, உறுப்புகளை ஒன்றோடு ஒன்று பசைபோட்டு வைத்துவிடுகிற நோய். பெயர் தெரிந்த அன்றைக்கு அவள் அழுதாள். பயத்தில் இல்லை. பதினேழு வருடமாகத் தான் நடிக்கவில்லை என்று ஒரு காகிதத்தில் எழுதியிருந்ததே, அந்தச் சந்தோஷத்தில்.

பிறகு வைத்தியம். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுக் கட்டிகளை எடுத்தார்கள். இரண்டு வருடம் நன்றாக இருந்தாள், மறுபடி வந்தது. ஊசி போட்டார்கள். வலி குறைந்தது, பதிலுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது, தூக்கம் போனது. அந்த ஆறு மாதத்தில் அவளிடம் கற்றுக்கொண்டவர்கள் மட்டும் இன்றைக்கும் "அந்தக் கோவக்கார அக்காவா?" என்று கேட்பார்கள். டெஸ்ட் டியூப் முறையில் இரண்டு தடவை முயன்றார்கள். இரண்டு தடவையும் கருவை உள்ளே வைத்த பதினாலாம் நாள் வந்த பதில் ஒன்றுதான், தங்கவில்லை.

இத்தனையிலும் கூடவே இருந்தவர் கணவர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி விளிம்பு தேய்த்துப் பொருத்துகிற வேலை. பொறுமை இல்லாதவன் அந்தப் பக்கமே போகக்கூடாது. டிரைவிங் டீச்சரின் கணவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது ஊருக்கே சிரிப்பு. கல்யாணமான புதிதில் அவள் மூன்று நாள் சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் இருவரும் நடந்தே வீடு வந்து சேர்ந்தார்கள், தெருவின் இந்த ஓரம் ஒருவர், அந்த ஓரம் ஒருவர். அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

வலி உச்சத்துக்குப் போனால் அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சில்லென்ற தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தால் கொஞ்சம் தேவலை. யாரும் உள்ளே வரக்கூடாது. ஆனால் ஏதாவது சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், எதுவானாலும் சரி. அதனால் கணவர் கதவுக்கு வெளியே செய்தித்தாளோடு உட்கார்ந்து வரி விளம்பரங்களைப் படிப்பார். "இரண்டு படுக்கையறை, தண்ணீர் வசதி, சிறு குடும்பத்துக்கு மட்டும்." நிறுத்தினால் உள்ளிருந்து குரல் வரும், "ம்". அவர் அடுத்த வீட்டுக்குப் போவார். செய்திகளைப் படித்தால் அவளுக்குக் கோபம் வரும் என்பதால்தான் வாடகை வீடுகள்.

இந்த வருடம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். கணவர் எட்டிப் பார்த்து, "இது என்ன டாக்டர், கெட்டிலா?" என்றார், உண்மையாகவே புரியாமல்.

"கர்ப்பப்பை" என்றார் டாக்டர். "எனக்கு வரைய வராது, அறுக்க வரும். கேளுங்க. இனிமே ரெண்டு வழிதான். மாதவிடாய் நிக்கற வயசு வரைக்கும் இப்படியே மருந்தோட ஓட்டலாம். இல்லைன்னா கர்ப்பப்பையை எடுத்துட்டு, வெளியில ஒட்டியிருக்கறதையும் முடிஞ்ச வரைக்கும் எடுத்துடலாம். உங்களுக்குக் கர்ப்பப்பைச் சுவருக்குள்ளயும் பரவியிருக்கு, அதனால எடுத்தா நல்ல பலன் இருக்கும்னு நினைக்கிறேன். ஒரு சினைப்பையையாவது விட்டு வைக்கப் பாக்கறேன். ஆனா வலி நூத்துக்கு நூறு போயிடும்னு சொல்ல மாட்டேன். சொன்னா பொய்."

"குழந்தை?" என்றாள் அவள்.

"எடுத்துட்டா பெத்துக்க முடியாது. எடுக்காட்டியும் வாய்ப்பு ரொம்பக் கம்மி." பேனாவை மூடிவிட்டு, "கம்மின்னுதான் சொல்றேன், இல்லைன்னு சொல்லல. ஒரு மாசம் யோசிச்சுட்டு வாங்க" என்றார்.

அந்தக் 'கம்மி'தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. இல்லை என்று சொல்லியிருந்தால் ஒரு மூச்சு அழுது முடித்திருப்பாள். கம்மி என்கிறபோது அதைத் தன் கையால் இல்லையாக்க வேண்டும். கையெழுத்துப் போடப்போவது அவள்.

விஷயம் வெளியே போனது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. நாத்தனார் போன் செய்து, எடுத்தால் எலும்பு தேயும் என்றாள். கூட வேலை பார்க்கிற ஒருவர், தன் சித்தி எடுத்துவிட்டுப் பறவையாய்ப் பறக்கிறாள் என்றார். முதலாளி, "தத்து எடுத்துக்கலாமே மேடம்" என்றார். "ஒரு முடிவு எடுக்கவே நாக்குத் தள்ளுது சார், அதோட இன்னொண்ணைக் கட்டி விடாதீங்க" என்றாள். அம்மா போனில் தினமும் ஒரே பாட்டு: "இருக்கறதை எதுக்கு அறுத்துப் போடணும்? எனக்கும்தான் வலிச்சுது. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

இவற்றையெல்லாம் அவள் ஒரு காதில் வாங்கி மறுகாதில் விட்டாள். உள்ளே அவளே கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான் இறங்கவே இல்லை. பிள்ளையைவிட வலி இல்லாமல் இருப்பது பெரிதாகப் போய்விட்டதா உனக்கு? யாரும் அதை அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

இந்த நேரத்தில்தான் தபாலாபீஸ் அம்மாவின் டெஸ்ட் வந்தது.

தபாலாபீஸில் முப்பது வருடம் ஸ்டாம்ப் விற்று ஓய்வு பெற்றவர் அந்த அம்மா. வயது அறுபத்திரண்டு. மூன்று தடவை டெஸ்டில் தோற்றிருந்தார். முதல் தடவை பதற்றம், இரண்டாம் தடவை நடைபாதை, மூன்றாம் தடவை தேர்வு அதிகாரியிடம் வாக்குவாதம். நான்காவதற்காக அக்கா அவரை இரண்டு மாதம் புடம்போட்டு எடுத்திருந்தாள். காலண்டரைப் பார்த்து, மாதவிடாய்க்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிற தேதியாகத் தேடித்தான் டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்தாள். வலி மருந்து சாப்பிட்டால் தூக்கம் வரும் என்பதால் டெஸ்ட் நாளில் சாப்பிடவும் மாட்டாள். ஆனால் அந்த நோய் காலண்டர் பார்ப்பதை நிறுத்திச் சில மாதம் ஆகியிருந்தது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் நம்பாமல் இருந்தாள்.

டெஸ்டில் அதிகாரி பின்னால் உட்காருவார். கற்றுக்கொடுப்பவர் தன் இருக்கையில்தான் இருக்க வேண்டும், ஆனால் தன் பக்கத்து பிரேக்கைத் தொடக்கூடாது. தொட்டால் டாஷ்போர்டில் ஒரு மணி அடிக்கும். மணி அடித்தால் ஓட்டுகிறவர் ஃபெயில். ஏன் எதற்கு என்ற கேள்வியே கிடையாது.

அந்த அம்மா அன்றைக்கு ராணி மாதிரி ஓட்டினார். மேட்டில் நிறுத்தி உருளாமல் எடுத்தார். பின்னால் போய் இரண்டு கோட்டுக்கு நடுவில் அச்சில் வார்த்தது போல நிறுத்தினார். மிச்சம் ஒரே ஒரு திருப்பம். அக்கா முகத்தில் சிரிப்பு வரப்பார்த்தது. அந்த நேரத்தில் அடிவயிற்றில் யாரோ கையை விட்டுப் பிடித்துத் திருகினார்கள். கால் விறைத்தது. பதினான்கு வருடமாக ஆபத்து என்றால் ஒரே ஒரு வேலைதான் அந்தக் காலுக்குத் தெரியும். அதைச் செய்தது.

வண்டி குலுங்கி நின்றது. மணி அடித்தது.

"சார், அவங்க மேல தப்பில்ல. என் கால்தான்" என்றாள் அக்கா, மூச்சு வாங்க.

"தெரியுதும்மா. ஆனா மணி அடிச்சுடுச்சே" என்றார் அதிகாரி. அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது. ஃபெயில் சீட்டை எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

எல்லோரும் இப்படிப்பட்ட இடத்தில், பரவாயில்லை, உன் உடம்பைப் பார் என்பார்கள். தபாலாபீஸ் அம்மா அப்படிச் சொல்லவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினார், ஹேண்ட்பிரேக் போட்டார், கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார், எல்லாம் அக்கா சொல்லிக்கொடுத்த வரிசையில். பிறகு திரும்பிப் பார்த்தார்.

"எனக்குக் கோவம் வருது. மறைக்க மாட்டேன். என் கால் சரியாத்தான் இருந்துச்சு, உன் கால்தான் கெடுத்துச்சு. உடம்பு முடியலைன்னா இந்த சீட்ல உக்காரக் கூடாது. நடு ரோட்டுல, பின்னாடி லாரி வந்திருந்தா?"

ஏழு வருடமாக எல்லோரும் அவளிடம் பரிதாபமாகவே பேசி வந்தார்கள். இவர் ஒருவர்தான் சரியான காரணத்துக்காகக் கோபப்பட்டார். வலி குறைந்ததும் அவள் நேராக முதலாளியிடம் போய், "என்னை வண்டில ஏத்தாதீங்க சார். கொஞ்ச நாள் டேபிள்ல உக்காந்துக்கறேன்" என்றாள்.

விண்ணப்பப் படிவம் நிரப்புகிற மேசை அது. வயது, ரத்த வகை, அடையாள மச்சம். ஜன்னலுக்கு வெளியே மற்றவர்கள் அவளுடைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றாமலேயே வண்டியைக் கிளப்ப விட்டார்கள். பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது, அது வேறு எரிச்சல். தபாலாபீஸ் அம்மா பதினோரு நாள் கழித்து வேறொருவரோடு போய்ப் பாஸ் ஆகிவிட்டு, மேசைக்கு வந்து லைசென்ஸ் தாளைக் காட்டினார். "கோவம் பாதி போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒருநாள் வேலையில்லாத நேரத்தில் அவள் தன் காலண்டரைத் திருப்பினாள். வலி இருந்த நாளில் சின்னதாய் ஒரு புள்ளி வைப்பது அவள் வழக்கம். போன வருடத்துப் பக்கங்களில் மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் புள்ளி இல்லாமல் இருந்தது. எண்ணிப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

அந்த வாரம் அம்மா நேரில் வந்துவிட்டாள், பெண்ணின் புத்தியைத் திருத்துகிற தீர்மானத்தோடு. பையை இறக்கிவைத்து, காபியைக் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குகிற நேரத்துக்கு மகள் எழுந்து குளியலறைக்குள் போனாள். ஒரு மணி நேரம் வரவில்லை. கணவர் கடையில் இருந்தார். வெளியே சத்தம் கொடுக்க ஆளில்லை. உள்ளிருந்து வந்ததை அம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். கதவு திறந்தபோது மகளின் உதட்டில் பல் பதிந்த தடம் இருந்தது.

"எப்பவும் இப்படியா வலிக்கும்?" என்றாள் அம்மா.

"இப்படித்தாம்மா."

"சின்ன வயசுலயுமா?"

"சொன்னேனேம்மா."

"சொன்னே. நான்தான் கேக்கல" என்றாள் அம்மா. கொண்டு வந்த அறிவுரை எல்லாம் பைக்குள்ளேயே இருந்துவிட்டது. மகளின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டாள். எடுக்காதே என்று அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை, எடு என்றும் சொல்லவில்லை.

மிச்சம் இருந்தவர் கணவர். அவர் இந்த ஒரு மாதமாக, "உன் உடம்பு, நீ சொல்றதுதான்" என்பதைத் தவிர வேறெதுவும் பேசியிருக்கவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு எங்கேயும் போக முடியவில்லை. வலி இல்லாத ஒரு காலையில் அவரைக் கடையில் இறக்கிவிடப் போனாள். கடை வாசலில் நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. ஷட்டர் மூடியிருந்தது. முன்னால் பார்த்துக்கொண்டே பேசினாள். முகத்தைப் பார்த்தால் வராது.

"என்னங்க, ஒண்ணு கேக்கறேன். எனக்காகப் பேசாதீங்க, உங்களுக்காகப் பேசுங்க. உங்களுக்குக் குழந்தை வேணுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். கடையில் இருக்கிற அத்தனை கண்ணாடியும் பளபளக்கும், அவருடையது மட்டும் எப்போதும் அழுக்கு.

"வேணும்" என்றார்.

அவள் எஞ்சினை அணைத்தாள்.

"வேணாம்னு சொன்னா உனக்கு சுலபமா இருக்கும்னு தெரியும். ரெண்டு வாரமா அப்படிச் சொல்லத்தான் ஒத்திகை பாத்தேன். வாய் வரல. சின்னக் குழந்தைங்க முதல் தடவையா கண்ணாடி போட்டுக்கிட்டு வெளிய பாக்கும் இல்ல, மரத்துல இலை தனித்தனியா இருக்குன்னு அப்பதான் கண்டுபிடிக்கும். அப்பல்லாம் எனக்கு வேணும்னு இருக்கும். இப்பவும் வேணும்."

"அப்ப எடுக்க வேணாமா?"

"அது வேற கேள்வி." அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "ஏழெட்டு வருஷமா கதவுக்கு வெளிய உக்காந்து வீட்டு விளம்பரம் படிக்கிறேன். எந்தத் தெருவுல எத்தனை ரூம்னு மனப்பாடம். உள்ள நீ பல்லைக் கடிக்கிற சத்தமும் மனப்பாடம். பிள்ளை இல்லைங்கறதைத் தூக்கிக்கிட்டு நான் நடந்துடுவேன். அந்தச் சத்தத்தை இன்னும் பத்து வருஷம் கேக்க என்னால ஆகாது. இது என் சுயநலம்."

"நான் எடுத்துக்கிட்டா அது என் சுயநலம்" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "என் வலிக்காக, வரவேண்டிய ஒண்ணை வராதேன்னு சொல்றேன்."

"ரெண்டு சுயநலக்காரங்களும் நல்ல ஜோடிதான்" என்றார் அவர். "நீதான் கொஞ்சம் லேட்டா ஆரம்பிச்சே."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். ஷட்டர் முன்னால் ஒருவர் உடைந்த ஃபிரேமோடு வந்து நின்றுகொண்டு, இவர்கள் முடிக்கட்டும் என்று வானத்தைப் பார்த்தார். அவளுக்குக் கணவர்மேல் கோபமும் இருந்தது, வேணும் என்று இவ்வளவு பச்சையாகச் சொல்லிவிட்டாரே என்று. ஆனால் கோபத்துக்குக் கீழே ஏதோ ஒன்று இளகியிருந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைக்காக அழ அவள் ஒருத்திதான் இருந்திருப்பாள். இப்போது இரண்டு பேர்.

மாதக் கடைசியில் டாக்டரிடம் போனார்கள். அவளே ஓட்டினாள்.

"நீங்க என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்?"

"நான் உங்க இடத்துல இல்லையே" என்றார் டாக்டரம்மா. "எனக்கு ரெண்டு பிள்ளைங்க, வலியும் கிடையாது. நான் என்ன சொன்னாலும் அது சும்மா."

இந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. மேசைமேல் திறந்திருந்த கோப்பில் அந்தக் கெட்டில் படம் தெரிந்தது. டாக்டர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார், என்ன நம்பிக்கையோ.

"எடுத்துடுங்க" என்றாள். "கம்மி கம்மின்னு அந்த வாய்ப்பைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டே இருந்துட்டேன். மாசத்துல பன்னெண்டு நாள்தான் எனக்குன்னு மிச்சம் இருக்கு. மத்த நாளும் எனக்கு வேணும். எல்லாமும் கிடைக்காதுன்னு நீங்க சொல்றீங்க, சரி. கிடைக்கற வரைக்கும்."

டாக்டர் தேதி பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. மறுநாள் ஆபரேஷன். மதியம் வெயில் போர்வையின்மேல் விழுந்திருந்தது. நர்ஸ் ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், தாளும் பேனாவுமாக வந்து கட்டிலோரம் நின்றாள். வயது, அலர்ஜி, முன்னால் செய்த ஆபரேஷன் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவள், தாளிலிருந்து நிமிராமல் "குழந்தைங்க?" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ பேர் கேட்ட கேள்வி. பஸ்ஸில், விசேஷ வீட்டில், முதல் நாள் பாடத்தில். எல்லோருக்கும் அவள் "இன்னும் இல்ல" என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள். இன்றைக்கு, "இல்ல" என்றாள். நர்ஸுக்கு அதில் ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. எழுதிக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவருக்குத் தெரிந்தது.

"இதுல எல்லாம் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டு வைங்கக்கா, வந்து வாங்கிக்கறேன்" என்று ஒப்புதல் படிவத்தைக் கொடுத்துவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

இருவரும் அதைப் படிக்கவில்லை. "நான் ஒரு பேரு வெச்சிருந்தேன்" என்றார் அவர்.

அவள் திரும்பினாள். "எப்ப?"

"கல்யாணம் ஆன ரெண்டாவது மாசம். பொண்ணுன்னு நினைச்சு."

"என்கிட்ட சொல்லவே இல்ல?"

"சொன்னா நடக்காதோன்னு பயம்."

"நானும் வெச்சிருந்தேன்" என்றாள். "எனக்கும் பொண்ணுதான்."

முதலில் நீ சொல்லு, முதலில் நீங்க சொல்லுங்க என்று கொஞ்சம் இழுத்தார்கள். பிறகு அவர் குனிந்து அவள் காதில் சொன்னார். அவள் அவர் காதில் சொன்னாள். அந்த இரண்டு பெயரும் அவர்கள் வீட்டுச் சொத்து. வெளியே சொல்ல நமக்கு உரிமையில்லை. அவள் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பெயர் கொண்ட அந்தப் பெண் கட்டிலோரத்தில் ஒரு நிமிடம் இருந்தாள் என்றே சொல்ல வேண்டும்.

"ஆனா உங்க பேரு நல்லாவே இல்ல" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஏன், அதுக்கு என்ன?"

"ஸ்கூல்ல கூப்பிட்டா மூணு பிள்ளைங்க எழுந்து நிக்கும்."

"உன்னுது மட்டும்? துணிக்கடை போர்டு மாதிரி இருக்கு."

"எங்க அது துணிக்கடை மாதிரி இருக்கு? கூப்பிட எவ்வளவு சின்னதா இருக்கு பாருங்க. தெருமுனையில இருந்து கூப்பிட்டாக் கேக்கும்."

"பேரு கூப்பிட மட்டும் இல்ல, எழுதவும் அழகா இருக்கணும்."

விடிந்தால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிறவர்கள் மாதிரி இருவரும் மல்லுக்கு நின்றார்கள். குரல் ஏறியது. பக்கத்துக் கட்டில்காரி போர்வையை விலக்கிப் பார்த்தாள். அரை மணி நேரம் கழித்து நர்ஸ் வந்தபோதும் விட்டபாடில்லை. படிவம் வெறுமையாகக் கிடந்தது.

"என்னக்கா, இன்னும் முடிவு பண்ணலையா?"

"அதெல்லாம் பண்ணியாச்சும்மா" என்றாள் கிளட்ச் அக்கா, பேனாவை வாங்கிக்கொண்டு. "இது வேற சண்டை."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.